பேருந்துக்கு மட்டும் ஏன் வாக்குச்சீட்டு?

2024 நவம்பர் 5 அன்று அமெரிக்கா தன் அதிபரைத் தேர்ந்தெடுத்தது. அதே நாளில், ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகரான அட்லாண்டாவை ஒட்டிய இரண்டு கவுன்டிகளின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளின்) வாக்காளர்கள் இன்னொரு கேள்விக்கும் விடை சொல்ல வேண்டியிருந்தது. கடையில் பொருள் வாங்கும்போது டாலருக்கு ஒரு சென்ட் கூடுதல் வரி கொடுத்து, முப்பது ஆண்டுகளுக்குப் பொதுப் போக்குவரத்தை வளர்க்கச் சம்மதமா என்பதே அந்தக் கேள்வி. ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் வாழும் க்வினெட் கவுன்டியில் பாதிக்கும் மேற்பட்டோர் முடியாது என்றார்கள். காப் கவுன்டியில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் முடியாது என்றார்கள். இரண்டும் ஏழைப் பகுதிகள் அல்ல. அகலச் சாலைகளும் பெரிய அங்காடிகளும் நல்ல பள்ளிகளும் கொண்டு செழித்த புறநகர்கள்.

தேர்தல் முறையாகத்தான் நடந்தது. முடிவு சட்டப்படி செல்லும். ஆனாலும் அது தவறான முடிவு. கார் வைத்திருப்பவர்கள் பெரும்பான்மையாகக் கூடி, கார் இல்லாதவர்கள் வேலைக்கும் மருத்துவமனைக்கும் எப்படிப் போவார்கள் என்ற கேள்விக்கு ‘அது எங்கள் கவலை இல்லை’ என்று விடை சொல்லியிருக்கிறார்கள். அந்த விடையை எளிதாகச் சொல்வதற்கு வழி அமைத்துக் கொடுத்த மாநில அரசின் குற்றம் அதைவிடப் பெரிது.

வரி என்பதாலேயே மக்கள் மறுத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்தச் சமாதானம் நிற்காது. 2022 நவம்பரில் இதே க்வினெட் வாக்காளர்களிடம் இதே ஒரு சென்ட் வரி கேட்கப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் கட்டுமான வரி அது. அதில் கவுன்டிக்கு வரும் பங்கின் பெரும்பகுதி சாலைகளுக்குப் போகிறது. அதற்கு மக்கள் தெளிவான பெரும்பான்மையுடன் சம்மதித்தார்கள். 2020-இல் காப் கவுன்டியும் இப்படிப்பட்ட வரியைப் புதுப்பித்தது. அதே சென்ட், அதே கடை, அதே வாக்காளர். தார் போடுவதற்கு என்றால் கொடுக்கலாம், பேருந்துக்கு என்றால் கூடாது என்று ஒருவர் முடிவெடுக்கும்போது, அவர் யாரை நினைத்து மறுக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காப் கவுன்டியின் கதையில் இன்னும் கசப்பான ஓர் அத்தியாயம் உண்டு. அட்லாண்டா பிரேவ்ஸ் என்ற பேஸ்பால் அணி, நகரின் மையத்தை ஒட்டி இருந்த தன் மைதானத்தை விட்டுக் காப் கவுன்டிக்குக் குடிபெயரப் போவதாக 2013 நவம்பர் 11 அன்று அறிவித்தது. புது மைதானத்துக்குக் கவுன்டி ஏறத்தாழ 30 கோடி டாலர் பொதுப்பணம் ஒதுக்க வேண்டும். நவம்பர் 26 அன்று கவுன்டி ஆணையர்கள் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை நிறைவேற்றிவிட்டார்கள். பதினைந்தே நாள். மக்களிடம் வாக்கெடுப்பு இல்லை. அட்லாண்டாவிலிருந்து ரயிலில் ஆட்களைக் கொண்டுவருவது தங்களுக்கு வேண்டாத தீர்வு என்று உள்ளூர் கட்சித் தலைவர் ஒருவர் அப்போதே வெளிப்படையாக அறிக்கை விட்டார். 2017-இல் மைதானம் திறந்தது. ரயில் அங்கே போகவில்லை. விளையாட்டு மைதானத்துக்கு 30 கோடி டாலர் கொடுக்கலாமா என்று மக்களைக் கேட்கத் தேவையில்லை, பேருந்துக்கு ஒரு சென்ட் கொடுக்கலாமா என்று மட்டும் கேட்டே தீர வேண்டும் என்பது என்ன நியாயம்?

இந்த மறுப்புக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அட்லாண்டாவின் போக்குவரத்து நிறுவனமான மார்ட்டாவை உருவாக்க 1965-இல் வாக்கெடுப்பு நடந்தது. அப்போதே காப் கவுன்டி விலகிக்கொண்டது. 1968-இல் பணத்துக்கான வாக்கெடுப்பு நடந்து தோற்றது. அந்தத் தோல்வியில் கறுப்பின வாக்காளர்களுக்கும் பங்கு உண்டு. ரயில் பாதைகள் வெள்ளையர் புறநகர்களின் வசதிக்காக வரையப்பட்டிருந்தன; கறுப்பர்கள் வாழும் பகுதிகளிலிருந்து அவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கு வழி இல்லை. மார்ட்டின் லூதர் கிங் தம் கடைசிக் காலத்தில் எழுதி, அவர் கொலையுண்ட பிறகு 1969-இல் வெளியான கட்டுரையில் அட்லாண்டாவின் இந்தத் திட்டத்தையே எடுத்துக்காட்டி, நகரப் போக்குவரத்து ஒரு குடிமை உரிமைப் பிரச்சினை என்று வாதிட்டார். மாண்ட்கோமரி நகரில் 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பை நடத்திக் காட்டியவர் அவர். எந்த இருக்கையில் உட்காரலாம் என்ற கேள்வி தீர்ந்த பிறகும், பேருந்து எந்தத் தெருவுக்கு வரும் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது என்பதை அவர் கண்டிருந்தார்.

ஆகவே ‘வேண்டாம்’ என்ற வாக்கு எல்லாமே ஒன்றல்ல. 1968-இல் மறுத்த கறுப்பின மக்கள் பேருந்தில் ஏற வேண்டியவர்கள். தங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு தங்களை விட்டுவிட்டுப் போகும் ரயில் வேண்டாம் என்றார்கள். மறுத்துவிட்டு வீட்டில் உட்காரவில்லை, பேரம் பேசினார்கள். 1971-இல் அதற்குப் பலன் கிடைத்தது. ஒரு சென்ட் விற்பனை வரிக்கு ஈடாகப் பேருந்துக் கட்டணம் 40 சென்டிலிருந்து 15 சென்டாகக் குறையும், ஏழு ஆண்டுகளுக்கு ஏறாது என்று வாக்குறுதி தரப்பட்டது. மேயர் சாம் மசெல் பேருந்துகளில் ஏறிப் பயணிகளிடம் பேசினார். நெரிசலில் சிக்கிய கார்களுக்கு மேலே ஹெலிகாப்டரில் பறந்து, இதிலிருந்து தப்ப வேண்டுமானால் ஆதரித்து வாக்களியுங்கள் என்று ஒலிபெருக்கியில் கூவினார். அட்லாண்டா நகரின் பெரும்பகுதி அடங்கிய ஃபுல்டன் கவுன்டியில் ஐந்நூறுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றார்கள். டெகால்ப் கவுன்டியும் ஏற்றது. க்வினெட்டும் க்ளேட்டனும் பெரும் வித்தியாசத்தில் நிராகரித்தன. வெள்ளையர்கள் நகரை விட்டுப் புறநகர்களுக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஓடிவந்த இடத்துக்குப் பின்னாலேயே பேருந்தும் ரயிலும் வந்துவிடக் கூடாது என்ற அச்சம் அந்த வாக்குகளில் இருந்தது. மார்ட்டாவின் பெயரை இனவசையாக விரித்துச் சொல்லும் வழக்கமும் அப்போது எழுந்து பல பத்தாண்டுகள் புழங்கியது. 1990-இல் க்வினெட் மறுபடி மறுத்தது. 2019 மார்ச்சில் மறுத்தது. 2020-இல் நான்கு லட்சம் அளவுக்கு வாக்குகள் பதிவாகி, ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் வாய்ப்பு நழுவியது. 2024 ஐந்தாவது முறை.

இதற்கிடையே க்வினெட்டின் முகமே மாறிவிட்டது. இன்று அங்கே வெள்ளையர்கள் சிறுபான்மை. கொரியர், வியட்நாமியர், மெக்சிகோக்காரர், இந்தியர் என்று பல நாட்டு மக்களும் வாழ்கிறார்கள். எனவே எதிர்த்து வாக்களித்த ஒவ்வொருவரையும் இனவெறியர் என்று சொல்வது பொய்யாகும். ஆனால் பேருந்து சரியாக ஓடாத ஊரில் ஐம்பது ஆண்டு வாழ்ந்தால் பேருந்து தேவையில்லை என்ற எண்ணம் எல்லா நிறத்தவருக்கும் ஊறிப்போகும். பழைய அச்சம் போட்ட ஊரமைப்பின் மேல் நின்று புதியவர்களும் அதே விடையைச் சொல்கிறார்கள்.

அந்த விடையின் விலை என்ன என்பதைத் தெரிந்துகொள்ள க்ளேட்டன் கவுன்டியைப் பார்க்க வேண்டும். அட்லாண்டாவுக்குத் தெற்கே உள்ளது. உலகிலேயே மிக அதிகப் பயணிகள் வந்துபோகும் ஹார்ட்ஸ்ஃபீல்ட்-ஜாக்சன் விமான நிலையத்தின் பெரும்பகுதி அதன் எல்லைக்குள்தான் இருக்கிறது. 1971-இல் வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்து மார்ட்டாவை மறுத்த இந்தக் கவுன்டி, 2010 வாக்கில் கறுப்பர் பெரும்பான்மையாகவும் அட்லாண்டா வட்டாரத்தின் ஏழ்மையான பகுதிகளில் ஒன்றாகவும் ஆகியிருந்தது. 2001-இல் சொந்தமாக ஒரு பேருந்துச் சேவையைத் தொடங்கி நடத்திவந்தது. பொருளாதார நெருக்கடி வந்தது, கவுன்டி நிர்வாகத்தின் கையில் காசில்லை. 2010 மார்ச் 31-ஆம் தேதியோடு எல்லாப் பேருந்துகளையும் நிறுத்தினார்கள். சில தடங்களை அல்ல, எல்லாவற்றையும். நாள்தோறும் எட்டாயிரம் பயணங்கள் ஒரே இரவில் இல்லாமல் போயின. பயணிகளில் பெரும்பாலோருக்குக் கார் இல்லை.

விமான நிலையத்தில் பெட்டி தூக்குபவர், விடுதி அறைகளைச் சுத்தம் செய்பவர், முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்ப்பவர், கல்லூரிக்குப் போகும் மாணவர் எல்லோரும் ஏப்ரல் முதல் தேதி காலையில் அதே வேலைக்கு அதே நேரத்தில் போயாக வேண்டும். நடைபாதை இல்லாத சாலை ஓரங்களில் மக்கள் நடந்தார்கள். அக்கம்பக்கத்தில் கார் உள்ளவரைக் கெஞ்சினார்கள். தனியார் வேன்களுக்குப் பேருந்துக் கட்டணத்தைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். சிலர் வேலையை விட்டார்கள். சிலர் வீட்டை விட்டார்கள். மார்ட்டாவில் சேரலாமா என்று அதே 2010 நவம்பரில் கருத்தறியும் வாக்கெடுப்பு நடந்தபோது நூற்றுக்கு எழுபது பேர் ஆம் என்றார்கள். கட்டுப்படுத்தாத வாக்கெடுப்பு என்பதால் எதுவும் நடக்கவில்லை. நான்கு ஆண்டுகள் போராடி, 2014 நவம்பரில் உண்மையான வாக்கெடுப்பைப் பெற்றார்கள். ஒரு சென்ட் வரிக்குக் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கினர் சம்மதித்தார்கள். 2015 மார்ச்சில், ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, க்ளேட்டனின் சாலைகளில் மீண்டும் பேருந்து ஓடியது.

அட்லாண்டா வட்டாரத்தின் ஏழ்மையான கவுன்டிகளில் ஒன்று, தன்மேல் தானே வரி போட்டுக்கொண்டு இதைச் செய்தது. வசதியுள்ள கவுன்டிகள் மறுத்தன. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகும், இது வெறும் நிதிக் கொள்கை குறித்த கருத்து வேறுபாடு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

எதிர்த்தவர்கள் சொல்லும் காரணங்களில் மதிக்கத்தக்கவையும் உண்டு. விற்பனை வரி ஏழையைத்தான் அதிகம் கடிக்கும் என்பது உண்மை. ஜார்ஜியாவில் உணவுப் பொருளுக்கு மாநில வரி இல்லை. ஆனால் உள்ளூர் வரிகள் உண்டு. அரிசி வாங்குபவரும் பேருந்துக்குக் கொடுக்கிறார். இதைவிட நேர்மையான வரி இருக்கக்கூடும். ஆனால் கணக்குப் பார்ப்போம். வரிக்கு உட்பட்ட பொருள்களை ஆண்டுக்கு 20,000 டாலருக்கு வாங்கும் ஒரு குடும்பத்துக்கு இந்த ஒரு சென்ட் ஆண்டுக்கு 200 டாலர். ஒரு புதிய காரை வைத்து ஓட்ட ஆண்டுக்கு 12,000 டாலருக்கு மேல் ஆகிறது என்பது அமெரிக்க வாகன உரிமையாளர் சங்கத்தின் 2024 மதிப்பீடு. மணிக்கு 7.25 டாலர் என்ற குறைந்தபட்சக் கூலியில் முழுநேரம் உழைப்பவரின் ஆண்டு வருமானமே 15,000 டாலர்தான். பழைய காரே ஆனாலும், பேருந்து இல்லாத ஊர் ஏழையிடமிருந்து பிடுங்கும் தொகையின் முன் இந்த வரி எம்மாத்திரம்?

இரண்டாவது காரணம் அவநம்பிக்கை. இதை நாம் லேசாகத் தள்ள மாட்டோம். க்ளேட்டன் மக்களிடம் வரியில் பாதி, ரயில் போன்ற பெரிய திட்டத்துக்குச் சேர்த்துவைக்கப்படும் என்று சொல்லி வாக்குக் கேட்டார்கள். பிறகு ரயில் கைவிடப்பட்டு, தனித் தடத்தில் ஓடும் பேருந்து என்று திட்டம் சுருங்கியது. அட்லாண்டா நகர மக்கள் 2016-இல் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் சம்மதித்துக் கூடுதலாக அரை சென்ட் கொடுத்தார்கள். விரிவாக்கத்துக்கென்று வாங்கிய அந்தப் பணத்தில் அன்றாடச் செலவுக்கு அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டதாகவும், ஏழு கோடி டாலர் அளவுக்குத் திருப்பித் தர வேண்டியிருப்பதாகவும் நகரம் நியமித்த தணிக்கை பின்னர் சொன்னது. மார்ட்டா அதை மறுத்தது. யார் கணக்குச் சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். வாக்குறுதி கொடுத்து ஏழையின் காசை வாங்கிய நிறுவனம், கேட்பவருக்கெல்லாம் கணக்கை விரித்துக் காட்டக் கடமைப்பட்டது. அந்தக் கடமையில் மார்ட்டா தவறியது. அந்தத் தவறு பக்கத்துக் கவுன்டிகளில் எதிர்ப்பாளர்களுக்கு ஆயுதமாகப் போனது. பேருந்தை நேசிப்பவர்களே இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொரு வாதமும் எப்போதும் வரும்: பேருந்துகள் காலியாக ஓடுகின்றனவே, இன்னும் எதற்கு? அரை மணிக்கு ஒன்று, மணிக்கு ஒன்று என்று விட்டால் காலியாகத்தான் ஓடும். ஒரு வண்டி தவறினால் ஒரு நாள் கூலி போகும் என்ற நிலையில் யார் அதை நம்பி வேலை ஒப்புக்கொள்வார்? முதலில் வண்டி அடிக்கடி வர வேண்டும். கூட்டம் பிறகு வரும்.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வர வேண்டியது. வருமானத்தில் அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்குக் குடும்பத்தில் பிறந்த குழந்தை, வளர்ந்து மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்குக்குள் வரும் வாய்ப்பு சான் ஹோசே வட்டாரத்தில் நூற்றுக்கு 12.9, அட்லாண்டாவில் 4.5. வேலைக்குப் போகும் பயண நேரம் குறைவாக உள்ள இடங்களில் ஏழைப் பிள்ளைகள் மேலே வருவது கூடுதல் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. பயண நேரம் மட்டுமே காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. இனப் பிரிவினையும் பள்ளிகளும் குடும்ப அமைப்பும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் அட்லாண்டாவைப் பொறுத்தவரை இனப் பிரிவினையும் பயணத் தொலைவும் ஒரே வரைபடத்தின் இரண்டு பெயர்கள். வேலைகள் வடக்கே வளர்ந்தன, அந்த வேலை தேவைப்படுவோர் தெற்கே வாழ்கிறார்கள். வடக்கே போகும் ரயில் ஃபுல்டன் கவுன்டிக்குள்ளேயே நார்த் ஸ்பிரிங்ஸில் நின்றுவிடுகிறது.

அந்த வடக்கில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக், கமிங் என்று ஊர்ப் பெயர்கள் சென்னையிலும் கோவையிலும் உள்ள பெற்றோர்களுக்குக்கூடப் பழக்கம். மகளின் பிரசவத்துக்கோ பேரனைப் பார்க்கவோ ஆறு மாத விசாவில் அங்கே போய்வந்த அம்மா அப்பாக்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே குறை சொல்வார்கள்: வீடு பெரிசு, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ஆனால் பிள்ளைகள் வேலைக்குப் போனால் வாசலைத் தாண்ட முடியாது. இங்கே தனியாகப் பேருந்து ஏறிக் கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வந்தவர்கள், அங்கே யாராவது காரில் கூட்டிப்போகும் சனி, ஞாயிறுக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது ஆறு மாதம். விமானம் ஏறினால் முடிந்துவிடும். கார் இல்லாத ஏழைக்கும் பார்வை மங்கிய முதியவருக்கும் அது ஆயுள் முழுவதும். அமெரிக்கக் குடியுரிமை பெற்று அங்கே வாக்களிக்கும் தமிழர்களிடம் நாம் கேட்பது இதுதான்: அடுத்த முறை அந்தக் கேள்வி உங்கள் சீட்டில் வரும்போது, வீட்டு விலையையும் குற்றப் பயத்தையும் பற்றி அக்கம்பக்கத்தில் பேசுவதைக் கேட்டுக்கொண்டு போடாதீர்கள். உங்கள் அம்மா எத்தனை நாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும்.

வாக்காளர்மீது வைக்கும் குற்றத்தைவிட மாநில அரசின்மீது வைக்க வேண்டிய குற்றம் கனமானது என்றோம். ஜார்ஜியாவின் அரசமைப்புச் சட்டம் பெட்ரோல் வரியைச் சாலைக்கும் பாலத்துக்கும் மட்டுமே செலவிட அனுமதிக்கிறது. அந்த வரியில் ஒரு காசுகூடப் பேருந்து ஓட்டப் பயன்படாது. தலைநகரின் போக்குவரத்து நிறுவனத்தை அன்றாடம் இயக்க மாநிலம் முறையான நிதி எதுவும் ஒதுக்குவதில்லை. பணம் தராத அரசு கட்டளையை மட்டும் விடவில்லை. மார்ட்டா தன் விற்பனை வரியில் பாதியைக் கட்டுமானத்துக்குத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டது. 2015-இல்தான் அந்த நிபந்தனை முற்றிலும் நீங்கியது. கார் ஓட்டுபவரின் சாலைக்கு அரசமைப்பின் பாதுகாப்பு. பேருந்தில் போகிறவருக்குப் பக்கத்து வீட்டாரின் சம்மதம். இந்த ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, மக்கள் வேண்டாம் என்றார்களே, நாங்கள் என்ன செய்வது என்று சட்டமன்றம் கை விரிப்பது நேர்மையற்ற செயல்.

பேருந்து வரி எங்கும் தோற்கத்தான் செய்யும் என்ற விரக்தியும் தேவையில்லை. பக்கத்து டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரம் 2018-இல் தன் திட்டத்தை நூற்றுக்கு 64 பேர் எதிர்த்து வீழ்த்தியது. காப் கவுன்டி மறுத்த அதே 2024 நவம்பர் 5 அன்று, அதே நாஷ்வில் அரை சென்ட் வரிக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தந்தது. இடையில் திட்டக்காரர்கள் பெரிய ரயில் கனவை விட்டுவிட்டு, 86 மைல் நடைபாதை, ஏறத்தாழ 600 போக்குவரத்து விளக்குகளின் சீரமைப்பு, இரவும் பகலும் ஓடும் பேருந்து என்று மக்கள் காலடியில் தெரியும் வேலைகளை முன்வைத்தார்கள். தோற்றவர்கள் வாக்காளரைத் திட்டிக்கொண்டு இருந்துவிடாமல் மறுபடி வந்து கேட்டார்கள்.

க்வினெட் ஆணையர்களும் மறுபடி கேட்க வேண்டும். 2019-இல் போல ஆள் வராத மார்ச் மாதத்தில் சிறப்புத் தேர்தல் வைக்காமல், எல்லோரும் வரும் பொதுத் தேர்தல் நாளில் கேட்க வேண்டும். செல்பேசியில் கூப்பிட்டால் வரும் சிறு வேன்களைக் கவுன்டி முழுவதும் பரப்புவதாகச் சொன்ன 2024 திட்டத்தைவிட, எந்தச் சாலையில் கால் மணிக்கு ஒரு பேருந்து வரும், எந்த ஆண்டு வரும், வராவிட்டால் யார் பதில் சொல்வது என்பதைச் சீட்டுக்கு முன்பே எழுதிக் காட்ட வேண்டும். வரும் பணத்தைக் கண்காணிக்கும் குழுவில் பேருந்தில் ஏறும் தொழிலாளர்களுக்கு இடம் வேண்டும். ஜார்ஜியா சட்டமன்றம் பெட்ரோல் வரியின் மேல் போட்ட பூட்டைத் திறக்க, அரசமைப்புத் திருத்தத்தை மாநிலம் முழுவதற்குமான வாக்கெடுப்புக்கு விட வேண்டும். அதை இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஆதரித்தாக வேண்டும். அட்லாண்டா வட்டாரத்தின் உறுப்பினர்கள், எந்தக் கட்சியாயினும், அடுத்த கூட்டத் தொடரிலேயே அதைக் கொண்டுவரட்டும்.